அழிக்காமல் விட்ட படம்

என் கணவர் ராணுவத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் ஹவில்தார். விமானம், ஏவுகணை, இப்போது ட்ரோன், எதுவானாலும் எல்லை தாண்டி வானத்தில் வந்தால் கீழேயிருந்து சுட்டு வீழ்த்துவது அவர்கள் வேலை. கல்யாணமான புதிதில் எனக்கு இதை விளக்கிச் சொன்னபோது, "கொக்கு சுடுற சோலின்னு வச்சுக்கோயேன்" என்றார். பன்னிரண்டு வருஷமாக எனக்கும் அது அப்படித்தான் தோன்றியது. பீரங்கியைத் துடைப்பார்கள், எண்ணெய் போடுவார்கள், பயிற்சிக்குப் போவார்கள், லீவுக்கு விண்ணப்பம் எழுதுவார்கள். சுடுவதற்கென்று எதுவும் வந்ததில்லை. அந்த மே மாதம் வந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவர் லீவில் வந்திருந்தார். மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள் வருகிறது, இந்த முறை கட்டாயம் கூட இருப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வந்த ஆறாம் நாள் அவர் அப்பாவையும் அழைத்துக்கொண்டு மணிமுத்தாறுக்குப் போனோம். அருவியில் குளித்துவிட்டு அணைக்கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்தது. எண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஈர வேட்டியோடு, கையில் சோற்றோடு, விறைப்பாக நின்று அவர் இந்தியில் "ஜீ சாப், ஜீ சாப்" என்று சொல்வதைப் பார்த்து மகள் சிரித்தாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து இலையை மடித்தார்.

"நாளைக்குக் கெளம்பணும்" என்றார்.

மகள் அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. மறுநாள் ரயிலேற்றிவிட ஜங்ஷனுக்கு வரவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் மட்டும் போனேன். ரயில் நகர இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னார்.

"எங்க இருக்கேன்னு எங்கிட்ட கேக்காத. நானே சொல்ல வந்தாலும் வேண்டாம்னு சொல்லிரு. பீரங்கி நிக்கிற எடம் தெரிஞ்சா அவனுக்குப் பாதி வேல முடிஞ்சுரும், பாத்துக்க. ஒண்ணு, அத சுத்திப் போயிருவான். இல்லன்னா மொதல்ல அதையே அடிப்பான்."

"நான் யார்ட்ட சொல்லப் போறேன்?"

"ஒன்னச் சொல்லல. அப்பாவ நெனச்சேன். டீக்கடையில ஒக்காந்தாவன்னா ஊருக்கே ஒலிபரப்பிருவாவ."

அவருடைய அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஆற்றங்கரையில், டவுணுக்கு மேற்கே ஒரு மணி நேர பஸ் தூரத்தில் அவர் ஊர். அத்தை இறந்து நான்கு வருஷமாகிறது. தானே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, ஒன்றரை ஏக்கர் வாழையையும் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார். பாளையங்கோட்டையில் எங்களோடு வந்து இருங்கள் என்றால், "வாழைய யாரு பாக்கது?" என்பார். மகன் வாங்கிக் கொடுத்த தொடுதிரைப் போனில் வருகிற படத்தைப் பார்க்கத் தெரியும். குரல் பதிவு அனுப்பத் தெரியும். வேறொன்றும் தெரியாது.

மகளின் பிறந்தநாள் காலையில் என் கணவரிடமிருந்து ஒரு படம் வந்தது. வலை போர்த்திய பீரங்கியின் பக்கத்தில் நின்றுகொண்டு, நெஞ்சுக்கு முன்னால் ஒரு அட்டையைப் பிடித்திருந்தார். 'என் செல்லக்குட்டிக்கு பத்து வயசு' என்று அட்டையில் கரியால் எழுதியிருந்தது. முகத்தில் புழுதி. அவருக்குப் பின்னால் அறுத்து முடித்த கோதுமை வயல், ஒரு பள்ளிக்கூடத்து மதில், நீல வண்ணம் அடித்த உயரமான தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் மேல் எனக்குப் புரியாத எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு வரி: பாத்துட்டு அழிச்சிரு.

மகள் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, பெரிதாக்கி, அவர் முகத்தையே பார்த்தாள். பதினோரு நாளாக இறுகிக் கிடந்தவள் அன்றைக்குத்தான் சிரித்தாள். "அழிக்காத ம்மா, சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். நானும் விட்டுவிட்டேன். சாயங்காலம் மாமா பேசினார். "பிள்ளைக்கு அவ அப்பன் பேசுனானா?" என்று கேட்டார். படம் அனுப்பியிருக்கிறார் என்றேன். "எனக்குக் காட்டமாட்டியா?" என்றார். அந்தக் குரலுக்காக அனுப்பினேன். ஒரு விநாடி வேலை.

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் எல்லையில் சண்டை தொடங்கியது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் அலுவலக எழுத்தர். பள்ளிக்கு விடுமுறை என்றாலும் மே மாதத்தில் எங்களுக்கு வேலை அதிகம். சேர்க்கை விண்ணப்பம், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று காலை ஒன்பதிலிருந்து சன்னலுக்கு வெளியே ஆள் நிற்கும். அந்த நாட்களில் வரிசையில் நிற்கிறவர்களின் போனிலெல்லாம் செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. இருட்டு வானம், அதில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக மேலே ஏறுவது, எங்கோ ஒரு வெடிப்பு. கீழேயிருந்து ஏறுகிற அந்தச் சிவப்புப் பொட்டுகள் என் கணவரோ அவரைப் போன்ற ஒருவரோ சுடுவது என்று எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் பிறந்த தேதியைச் சரிபார்த்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கூடங்குளத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா தினமும் பேசினாள். "இங்கன போலீஸ் கூடிக்கிட்டே போகுது. அணு உலை இருக்குல்லா, அதான். சைரன் ஊதி ஒத்திகை வைக்கப் போறாவன்னு பேசிக்கிடுதாவ. நேத்து ஒரு கல்யாணத்துல வீடியோ எடுக்க ட்ரோன் விட்டானாம். ஊரே கல்லெடுத்துட்டு ஓடிருக்கு." பாதி சிரிப்பும் பாதி பயமுமாகச் சொல்லிவிட்டு, "ஒன் வீட்டுக்காரர் பேசுனாவளா?" என்று முடிப்பாள்.

அவர் பேசவில்லை. காலையில் ஆறு, ஆறரைக்குள் 'நல்லா இருக்கேன்' என்று இரண்டே சொல் வரும். அதைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஒரே ஒரு தடவை அரை நிமிஷம் பேசினார். தூங்கி மூன்று நாள் ஆன குரல். "வெறும் பெட்டிய அனுப்புதான் முதல்ல. குண்டே இல்லாத ட்ரோன். நாங்க சுட்டா எங்கேருந்து சுடுதோம்னு பாக்கதுக்கு" என்றார். பிறகு, "அதே எடத்துலதான் கெடக்கோம், நகரல" என்றார். சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். வைத்துவிட்டார்.

அதற்கு மறுநாள் காலை அந்த இரண்டு சொல் வரவில்லை.

ஏழு மணிவரை காத்திருந்தேன். எட்டுக்கு மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். போனை மேசை மேல் மல்லாக்க வைத்துவிட்டு விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டிருந்தேன். பதினோரு மணி இருக்கும். தெரியாத எண் ஒன்று அழைத்தது.

"வணக்கம் மேடம். ராணுவ ரெக்கார்ட் ஆபீஸ்ல இருந்து பேசுறேன்." நல்ல தமிழ். நம் பக்கத்துத் தமிழ் இல்லை. என் கணவரின் பெயரையும் பதவியையும் சொன்னான். என் பெயரையும் சொன்னான்.

"மேடம், பதற்றப்படாதீங்க. நேத்து அவங்க யூனிட் இருந்த பகுதியில தாக்குதல் நடந்திருக்கு. பத்திரமா இருக்கிறவங்க லிஸ்ட் எடுத்துக்கிட்டு இருக்கோம். உங்க வீட்டுக்காரர் பேரு இன்னும் வரல."

சன்னலுக்கு வெளியே நின்றவர் ஏதோ கேட்டார். அவர் வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

"நாங்க ஆள் அனுப்பித் தேடணும். அவர் கடைசியா எங்கே இருந்தாரு? அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி, தண்ணித் தொட்டி பக்கத்துலதானே? இல்ல, அங்கிருந்து வேற இடத்துக்கு மாறிட்டாங்களா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

நீலத் தொட்டி என் கண்ணுக்குள் வந்தது. 'அங்கேதான், நகரவில்லை என்று நேற்றுச் சொன்னார்' என்ற வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது. சொல்லியிருப்பேன். என்னைத் தடுத்தது துணிச்சலோ புத்திசாலித்தனமோ இல்லை, வெறும் பழக்கம். எட்டு வருஷமாக அந்தச் சன்னலுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். எந்த மாணவியைப் பற்றி யார் வந்து கேட்டாலும், அழுதுகொண்டே கேட்டாலும், முதலில் சேர்க்கை எண் என்ன என்றுதான் கேட்போம். அப்படியே கேட்டுவிட்டேன்.

"அவரோட ராணுவ நம்பர் என்னன்னு சொல்லுங்க."

"அது சிஸ்டத்துல இருக்கு மேடம். நீங்க சொல்லுங்க, நான் சரிபார்த்துக்கிறேன்."

ஆவண அலுவலகத்துக்காரனிடம் ஆளின் எண் இல்லை. "இங்கே ஆள் நிறைய நிக்காங்க. பத்து நிமிஷம் கழிச்சுப் பேசுங்க" என்றேன்.

"பத்து நிமிஷத்துல என்ன வேணா ஆகலாம் மேடம்" என்றான். நான் வைத்துவிட்டேன்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். நான், மகள், மாமா. சன்னலைச் சாத்திவிட்டுப் பின்வாசல் வழியாக மைதானத்துக்கு ஓடினேன். மாமாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. அது வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நேரம். போனை மோட்டார் அறையில் வைத்துவிட்டு நிற்பார். நான்காவது தடவை எடுத்தார்.

"ம்மா, தகவல் வந்துட்டா? பயல் இருக்கானா?"

"மாமா, ஒங்களுக்கு யாரு பேசுனா?"

"ஆபீஸ்ல இருந்துல்லா பேசுனாவ. காலைல எட்டு மணி இருக்கும். நம்ம பயல் பேரு லிஸ்ட்ல இல்லன்னாவ. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எங்கன இருந்தான், ஏதாவது போட்டோ இருக்கான்னு கேட்டாவ. இருக்குன்னேன். எப்பிடி அனுப்பணும்னு எனக்குத் தெரியாதுல்லா. பைய அத அமுக்குங்க, இத அமுக்குங்கன்னு பொறுமையா அவரே சொல்லிக் கொடுத்தாரு."

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன். ஒன் நம்பரயும் கேட்டாவ, குடுத்தேன். ஒங்கிட்ட அவங்களே பேசுதோம், அதுவரைக்கும் நீங்க பேசாதீங்கன்னாவ. ஏம்மா? என்ன ஆச்சு?"

அவரிடம் அப்போது சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஒண்ணுமில்ல மாமா, போனை அணைக்காதீங்க. யார் பேசுனாலும் எடுக்காதீங்க. நான் வாரேன்" என்று வைத்தேன்.

மைதானத்தில் யாருமில்லை. வெயில் கொதித்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. பீரங்கித் தளத்தைப் படமெடுத்து வெளியே அனுப்புவது பெரிய குற்றம். அட்டையில் அவர் கையெழுத்து, அவர் முகம், மகளின் வயது. தப்பிக்க வழியே இல்லாத படம். நான் சொன்னால் அவர் மாட்டிக்கொள்வார். இந்த வருஷம்தான் நாயிப் சுபேதார் பதவி உயர்வுக்கு அவர் பெயர் போயிருந்தது. சொல்லாமல் விட்டால்? ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை அவன் யாரோ வெறும் ஏமாற்றுக்காரன். ஒருவேளை ஏற்கெனவே எல்லாம் முடிந்துவிட்டது, அதனால்தான் காலையில் செய்தி வரவில்லை.

அந்தக் கடைசி நினைப்பு வந்ததும் கைப்பந்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அந்தப் பீரங்கியோடு இருக்கிற மற்றவர்களை நினைத்தேன். அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் ஐந்து பேர். லீவில் வந்தால் அவர்களைப் பற்றித்தான் பேசுவார். அவர்களும் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு வீட்டுக்கு 'நல்லா இருக்கேன்' என்று அனுப்புகிறவர்கள்.

முன்பு மூன்று வருஷம் குடும்பக் குடியிருப்பில் இருந்தபோது எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சுபேதாரின் மனைவி இருந்தார். பஞ்சாபிக்காரர். அண்ணி என்ற பொருளில் நான் அவரைப் பாபிஜி என்பேன். அவரை அழைத்தேன். என் இந்தி எப்போதும் தட்டுத்தடுமாறும். அன்றைக்கு ஒரு வார்த்தையும் சரியாக வரவில்லை. ஆனால் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "அழாதே. எழுதிக்கொள்" என்று ஒரு எண்ணைச் சொன்னார். படைப்பிரிவு எல்லைக்குப் போனபின் முகாமில் தங்கியிருக்கும் அலுவலகத்தின் எண். எழுத என்னிடம் தாள் இல்லை. மைதானத்து மண்ணில் குச்சியால் எழுதினேன்.

எடுத்தவர் இன்னொருவரிடம் கொடுத்தார். அவர் ஒரு அதிகாரியிடம் கொடுத்தார். அந்த அதிகாரிக்கு இளம் குரல். ஆங்கிலத்திலும் இந்தியிலுமாகப் பேசினார். முதலில் என் கணவரின் ராணுவ எண்ணைக் கேட்டார். சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒவ்வொரு விஷயத்தையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார். கடைசியில் கேட்டார்.

"அந்தப் படத்தை எடுத்து அனுப்பியது யார்?"

யாரோ அனுப்பினார்கள், எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். அரை விநாடி அப்படி நினைத்தேன்.

"என் கணவர். மகளின் பிறந்தநாளுக்கு. அழிக்கச் சொன்னார். நான்தான் அழிக்கவில்லை. என் மாமனாருக்கு அனுப்பியதும் நான்தான்."

அந்தப் பக்கம் எழுதுகிற ஓசை கேட்டது. எதையும் அழிக்க வேண்டாம், அவன் மறுபடி பேசினால் ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். நான் கேட்டேன், "சார், அவர் எப்படி இருக்கிறார்?"

"அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது, மேடம்."

அவன் மறுபடி பேசினான். நான் அலுவலகத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தபோது. "தெரியாதுங்க, அவர் எங்ககிட்ட எதுவுமே சொல்ல மாட்டார்" என்றேன். அவன் இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தான். பிறகு மரியாதையெல்லாம் போய்விட்டது. "உன் புருஷன் செத்தா அதுக்கு நீதான் காரணம்" என்று சொல்லிவிட்டு வைத்தான். அந்த வாக்கியத்தை என் காதிலிருந்து எடுக்க வெகுநாள் ஆயிற்று.

மதியம் விடுப்பு சொல்லிவிட்டு மாமாவின் ஊருக்கு பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே இரண்டு பேர் வந்திருந்தார்கள். சாதாரண உடை, காவல்துறைக்காரர்கள். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேள்வி கடுமையாக இல்லை. "ஐயா, பயப்படாதீங்க, அவன் எத்தன மணிக்குப் பேசுனான்?" என்பது போலத்தான். மாமா எதிரே சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தார். என்னிடமும் கேட்டு எழுதிக்கொண்டு, இரண்டு போனையும் வாங்கிக்கொண்டு, ரசீது கொடுத்துவிட்டு அவர்கள் போனார்கள். என் எண்ணுக்கு வேறு சிம் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள்.

அவர்கள் போனதும் மாமா தரையில் உட்கார்ந்தார்.

"எதிரிக்காரனா பேசுனது?"

"அப்படித்தான் சந்தேகப்படுதாங்க மாமா. ஒங்க நம்பர் அவனுக்கு எப்படிக் கெடச்சுதுன்னு அவங்களுக்கே தெரியலயாம்."

"அவன் எனக்கு அப்பா, அப்பான்னு பேசுனாம்மா. அழாதீங்கப்பான்னான்." பிறகு, "என் கையாலயே என் பிள்ளயக் காட்டிக் குடுத்துட்டேனே" என்றார்.

"ஒங்களுக்கு அனுப்புனது நான்தான் மாமா."

அவர் அதைக் கேட்டமாதிரி தெரியவில்லை. அன்றைக்கு நான் பொங்கி வைத்ததை அவர் தொடவில்லை. அவரைத் தனியாக விட்டுவரப் பயமாக இருந்தது. கையோடு பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்தேன். வாழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள். பக்கத்து வீட்டு எண்ணை பாபிஜிக்குக் கொடுத்திருந்தேன். அந்த வீட்டில் மணி அடிக்கும்போதெல்லாம் நானும் மாமாவும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்போம். தொலைக்காட்சியை அணைத்து வைத்தேன். அணைத்தபிறகு அது இன்னும் மோசமாக இருந்தது. மகள் தாத்தாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் சண்டை நின்றுவிட்டது என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். அதை நம்பி மகிழ எனக்குத் தெம்பில்லை.

ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நான்தான்" என்றார் அவர்.

மாமாவைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"நல்லா இருக்கேன். எல்லாரும் நல்லா இருக்கோம். நடந்தது எல்லாம் தெரியும். அப்புறம் பேசுதேன். அப்பா அங்கன இருக்காவளா? குடு."

மாமா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஏலே… ஏலே…" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் லீவில் வந்தது ஆடி மாதத்தில். என்ன நடந்தது என்பதை அப்போதுதான் சொன்னார், அதுவும் துண்டு துண்டாக. அன்று காலை அவர்களிடமிருந்த போன்களையெல்லாம் மேலிடம் வாங்கி வைத்துவிட்டது. அதனால்தான் செய்தி வரவில்லை. மதியம் இரண்டு மணிக்குத் திடீரென்று இடம் மாறச் சொல்லி உத்தரவு வந்தது. பகலில் பீரங்கியை நகர்த்தவே மாட்டார்கள். எல்லோரும் திட்டிக்கொண்டே கிளப்பினார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகக் குழி வெட்டி, மண்மூட்டை அடுக்கி, வலை கட்டி முடிக்க இருட்டிவிட்டது. முடித்த கையோடு அவரைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"மேசை மேல அந்தப் போட்டோ கெடந்துது" என்றார். "கேக்குறதுக்கு முன்னாலயே ஆமான்னுட்டேன்."

அன்றைக்கும் ட்ரோன்கள் வந்தன. புதிய இடத்திலிருந்து இரண்டைச் சுட்டு வீழ்த்தினார்கள்.

"பழைய இடத்துக்கு ஏதும் வந்துதா?" என்று கேட்டேன்.

"வந்து சுத்துச்சுன்னு ஊர்க்காரன் சொன்னான். ஒண்ணும் விழல. எங்களத் தேடி வந்துதோ, வழியில போச்சுதோ, யாரு கண்டா?"

அவருடைய பணிப் பதிவேட்டில் தண்டனைக் குறிப்பைச் சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள். பதவி உயர்வு அவருக்கு அடுத்திருந்தவருக்குப் போயிற்று. அந்த லீவின் முதல் வாரம் முழுவதும் வீட்டில் ஒரு புகைச்சல் இருந்துகொண்டே இருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"எடம் தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் சொல்லிருக்கலாம்லா. யாரு அனுப்புனதுன்னும் சொல்லணுமா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"தெரியலன்னு சொல்லிருக்கலாம்."

"அந்த ஆபீசர் நம்பலன்னா? விசாரிச்சுட்டு நகத்துவோம்னு அவங்க உக்காந்திருந்தா?"

அவர் எழுந்து கைகழுவப் போனார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பதினெட்டு வருஷ வேலை. என் பக்கம் இருந்தது என்ன என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ஊருக்குப் போனோம். மாமா அதற்குள் திரும்பித் தன் வீட்டுக்குப் போயிருந்தார். மகன் வந்து எட்டு நாளாகியும் பாளையங்கோட்டைக்கு வரவில்லை. வாழைக்குக் காற்று அதிகம், வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது தோட்டத்தில் குலை தள்ளிய வாழைகளுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆடிக் காற்று ஆற்றுப் பக்கமிருந்து ஓவென்று வந்தது. இலைகள் கிழிந்து படபடத்தன. மகனைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த வாழைக்குப் போனார். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கம்பின் மறுமுனையைப் பிடித்தார். நான் வரப்பில் நின்றேன்.

நாலைந்து வாழை முடிந்ததும் மாமா கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஒனக்கு வரவேண்டிய பதவி என்னாலல்லா போச்சு."

"போட்டோ அனுப்புனவன் நானுப்பா."

"அவன் எதிரின்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பனா?"

"அவன் என்னதான் சொன்னான் ஒங்ககிட்ட?"

மாமா கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். காற்றில் அவர் துண்டு தோளிலிருந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"ஒன் பேரு லிஸ்ட்ல இல்லன்னான்ல. உசிரோட இருக்கவன் லிஸ்ட்ல ஒன் பேரு இல்லன்னான். அதுக்கப்புறம் அவன் கேட்டதெல்லாம் குடுத்தேன். போட்டோவோட விட்டான். வீட்டக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்."

என் கணவர் கம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அப்பாவைப் பார்த்தார். பிறகு வரப்பில் நின்ற என்னைப் பார்த்தார். அன்றைக்கு எனக்கும் அதே வார்த்தைதான் சொல்லப்பட்டது என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"ஒங்கிட்டயும் அப்படித்தான் சொன்னானா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்ல?" என்றேன்.

காற்று இன்னொரு தடவை வந்தது. மூன்றாவது வரிசையில் முட்டுக் கொடுக்காத வாழை ஒன்று குலையோடு சாயத் தொடங்கியது. "ஏலே, அதப் பிடி, அதப் பிடி" என்று மாமா கத்தினார். மகன் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தார். மாமா கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "நீ என்ன பாத்துட்டு நிக்க, அந்தக் கயித்த எடுத்துட்டு வா வெரசா" என்று என் பக்கம் திரும்பி என் கணவர் சத்தம் போட்டார். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினேன்.